டயாலிசிஸ்: கூழ்மப்பிரிப்பா, சுத்திகரிப்பா?

சிறுநீரகம் வேலை செய்யாதபோது ரத்தத்தின் கழிவைக் கருவியால் பிரிப்பதற்கு "டயாலிசிஸ் போட்டிருக்காங்க" என்பதே ஆஸ்பத்திரிப் பேச்சு. நாளிதழில் அது 'ரத்தச் சுத்திகரிப்பு'. வேதியியல் பாடநூலில் 'கூழ்மப்பிரிப்பு'. மூலத்துக்கு நெருக்கமானது பாடநூல் சொல்தான்.

கிரேக்கத்தில் 'டியா' என்றால் ஊடாக, 'லுசிஸ்' என்றால் அவிழ்த்தல். ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் 1861இல் இப்பெயரைப் புழக்கத்தில் விட்டார். அவர் சோதனையில் உப்பும் யூரியாவும் மெல்லிய சவ்வைக் கடந்தன. பெரிய துகள்கள் கொண்ட, கோந்து போன்ற கூழ்மங்கள் உள்ளேயே தங்கின. நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் கோல்ஃப் இதே தத்துவத்தில், தொத்திறைச்சி உறையாகப் பயன்பட்ட செலோபேன் குழாயை வைத்துக் கருவி செய்து, 1945இல் 67 வயதுப் பெண்ணொருவரைப் பிழைக்கவைத்தார். அவருக்கு வந்தது சிறுநீரகத்தின் திடீர்ச் செயலிழப்பு.

'சுத்திகரிப்பு' என்ற சொல்லில் ஓர் ஆபத்து உண்டு. சவ்வுக்கு நல்லது கெட்டது தெரியாது, மூலக்கூறின் அளவுதான் தெரியும். யூரியா போகும் வழியிலேயே பாஸ்பேட்டும் பல ஆன்டிபயாடிக்குகளும் போய்விடும். பாஸ்பேட் சரிந்தால் மூச்சுத் தசை தளரும். வென்டிலேட்டரிலிருந்து விடுவிப்பது தள்ளிப்போகலாம்.

வழக்கமான 4 மணி நேர டயாலிசிஸில், நிமிடத்துக்கு 500 மி.லி. வீதம் சுமார் 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம் சவ்வின் மறுபுறம் ஓடும். ரத்த அழுத்தம் நிலையில்லாத ஐசியூ நோயாளி அந்த வேகத்தைத் தாங்கமாட்டார். அவருக்குத்தான் மெதுவாக இரவுபகலாக ஓடும் சிஆர்ஆர்டி (Continuous Renal Replacement Therapy). கிலோவுக்கு மணிக்கு 20–25 மி.லி. கழிவுத்திரவம் வெளியேற வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 25 வீதம் நாளுக்கு 36 லிட்டர். பை மாற்றும்போதும் ஃபில்டர் அடைக்கும்போதும் நேரம் வீணாவதால் மருத்துவர்கள் 25–30 என்றே எழுதுவார்கள். ரத்தம் போய்வரத் தொடை நரம்பில் செருகிய குழாய் (கேத்தீட்டர்) மடங்கினால் அலாரம் அடித்து பம்ப் நிற்கும். நின்ற ரத்தம் உறையும். அலாரத்தை அமுக்குவதற்கு முன் காலை நேராக்கிப் பாருங்கள்.

சிஆர்ஆர்டியில் விரவலோடு (கரைந்தவை தாமே சவ்வைக் கடந்து பரவுவது), அழுத்தத்தால் நீரை வடித்தெடுப்பதும் உண்டு. வடிப்பு கிரஹாம் சொன்ன டயாலிசிஸ் அல்ல. அதனால்தான் இரண்டுக்குமான பொதுப்பெயராக 'Renal Replacement Therapy' தேவைப்பட்டது. தமிழில் 'சிறுநீரக மாற்றுச் சிகிச்சை' என்றார்கள். வந்தது வம்பு! உறவினர் காதில் அது வேறொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்துவதாக விழுகிறது. 'சிறுநீரக ஈட்டுச் சிகிச்சை' எனலாம். சிறுநீரகத்தின் வேலையைக் கருவி ஈடுகட்டுகிறது, அவ்வளவே. 'Acute kidney injury' என்பதைச் 'சிறுநீரகக் காயம்' என்பதும் அடிபட்டதாகத் தொனிக்கும். 'திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு' போதும். 'திடீர்' முக்கியம். "ஆயுசுக்கும் போடணுமா?" என்று கேட்பவரிடம், சிறுநீரகம் தேறினால் கருவியை நிறுத்திவிடலாம், தேறாதவர்களும் உண்டு என்று சொல்ல அந்தச் சொல்லே இடம் தருகிறது.