சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம்

"டொக்டர், நான் விடியத் தொடக்கம் நிண்ட நிலையிலைதானே நிக்கிறன். இதுக்கு மேலை என்ன உடற்பயிற்சி?"

கிளினிக்கில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. போன வருடம் இப்படிக் கேட்ட ஓர் அம்மாவுக்கு வயது 57. சலரோகம் (நீரிழிவு), பிரஷர் இரண்டும் இருக்கின்றன. அவர் சொன்னது பொய்யல்ல. சமையல், கூட்டித் துடைப்பது, பேரப்பிள்ளையின் பின்னால் ஓடுவது என்று நாள் முழுக்க அவருக்கு வேலைதான். ஆறுதலாக இருந்து கேட்டபோது இன்னொரு கதையும் வந்தது. தண்ணீரை மோட்டர் இறைக்கிறது. மா கடையில் வறுத்தே கிடைக்கிறது. சம்பல் கிரைண்டரில் அரைபடுகிறது. கோவிலுக்கு மகனின் ஸ்கூட்டியில் போகிறார். களைப்பு இருக்கிறது, ஆனால் மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு அசைவது ஒரு நாளில் ஒரு தரம்கூட இல்லை.

எங்கள் பாட்டிமார் யாரும் உடற்பயிற்சி செய்யவில்லை. உரலும் உலக்கையும் இருந்தன, கிணற்றில் அள்ளிக் குளித்தார்கள், தோட்டத்தில் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தார்கள். 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது யாழ்ப்பாணக் குடாநாடே சைக்கிளில் ஓடியது. அந்தக் காலம் திரும்பி வர வேண்டாம், அது தந்த துன்பம் எங்களுக்குத் தெரியும். ஆனால் உடம்பை அசைத்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று போக, சோற்றுக் கோப்பையின் அளவு மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

சோறோ புட்டோ சாப்பிட்டால் அதிலுள்ள மாப்பொருள் குளுக்கோசாக மாறி இரத்தத்துக்கு வருகிறது. அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைகள்தான். தசையின் கதவைத் திறக்கும் வேலை இன்சுலினுடையது. சலரோகக்காரருக்கு அந்தக் கதவு இறுகிப் போயிருக்கும். ஆனால் கால் தசைகள் சுருங்கி விரியும்போது, இன்சுலினுக்குக் காத்திராமலே குளுக்கோசை உள்ளே இழுக்கின்றன. நடந்து முடிந்த பிறகும் ஒரு நாள் வரை, சிலருக்கு இரண்டு நாள் வரை, அந்தத் தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்கும். அதனால்தான் நடையில் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விட வேண்டாம் என்று சொல்கிறேன்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் சலரோகம் உள்ள 41 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. விரும்பிய நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டவுடன் 10 நிமிடம் நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்திய இரத்தச் சீனி சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம். இரவில் இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு நேரே தொலைக்காட்சியின் முன் அமரும் எங்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

வருத்தம் இன்னும் வராதவர்களுக்குச் சென்னையில் நடந்த ஆய்வைச் சொல்வேன். எங்களைப் போலவே சோறு சாப்பிடும் மக்கள். சலரோகத்தின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று வருடம் கவனித்தார்கள். வழமையான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வருத்தம் வந்தது. தினமும் அரை மணி நடந்து, சாப்பாட்டையும் திருத்தியவர்களில் 39 பேருக்கு. மாத்திரை இல்லாமலே இவ்வளவு வித்தியாசம். ஒரு ஊரில் இத்தனை பேர் தப்பினால் எத்தனை சிறுநீரகமும் கண்ணும் காலும் தப்பும் என்று நினைத்துப் பாருங்கள்.

உலக சுகாதார நிறுவனம் கேட்பது கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம். நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகத்தின் அளவு. கதிரையில் கை ஊன்றாமல் பத்துத் தரம் எழுந்து அமர்வதையும் கிழமையில் இரண்டு நாள் சேர்த்துக்கொண்டால் தொடைத் தசை கரைவது மட்டுப்படும்.

சரி, எங்கே நடப்பது? பண்ணைக் கடற்கரையில் மாலையில் நடப்பவர்களைக் காண மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் நகரத்துக்கு வெளியே ஓர் ஒழுங்கையில் இருக்கும் பெண்ணுக்கு விளக்கில்லாத வீதியும் நாய்களும் "எங்கை போறாய்?" என்ற அயலவர் கேள்வியும் இருக்கின்றன. "நடவுங்கோ" என்று மட்டும் சொல்லி அவரை அனுப்புவது நியாயமில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வீதி விளக்கும் சுகாதாரம்தான். பிள்ளைகளின் விளையாட்டு நேரமும் அப்படித்தான். அவர்களுக்குத் தினமும் 60 நிமிட ஓட்டம் தேவை. புலமைப்பரிசில் வகுப்பு வந்ததும் பாடசாலையிலிருந்து டியூஷனுக்கும் டியூஷனிலிருந்து வீட்டுக்கும் ஸ்கூட்டியில் ஏற்றி இறக்குகிறோம்.

அந்த அம்மாவோடு இருந்து கணக்குப் போட்டோம். கிணற்றடியிலிருந்து படலை வரை போய் வர ஒரு நிமிடம். சாப்பிட்டுக் கை கழுவியதும் பத்துத் தரம். இன்சுலினும் மாத்திரையும் எடுப்பதால், கை நடுங்கி வியர்த்தால் உடனே சாப்பிட இரண்டு டொபி கையோடு. நெஞ்சு இறுகினால் அந்த இடத்திலேயே நிறுத்தி, தாமதிக்காமல் வைத்தியசாலைக்கு வர வேண்டும்.

மூன்று மாதம் கழித்து மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். இருவரும் சேர்ந்து நடக்கிறார்களாம். சீனி கொஞ்சம் இறங்கியிருந்தது. இன்னும் இறங்க வேண்டும், மருந்தும் தொடர்கிறது. போகும்போது, "நல்லூர் கொடியேறப் போகுது, வெறுங்காலோடை வீதி சுத்தலாமே டொக்டர்?" என்று கேட்டார்.

பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். பெருவிரலில் உணர்வு மங்கியிருந்தது. இப்படிப்பட்ட பாதத்துக்குச் சுடுமணல் சுடுவது தெரியாது, அடுத்த நாள் கொப்புளத்தைக் கண்டபிறகுதான் தெரியும். விடியற்காலைப் பூசைக்குப் போங்கள், செருப்பைக் கழற்றும் இடம் வரை கழற்றாமல் போங்கள், வெயில் ஏறுமுன் திரும்புங்கள், வீட்டுக்கு வந்ததும் இரண்டு உள்ளங்காலையும் மருமகளிடம் காட்டுங்கள் என்றேன். மருமகள் அதைக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.