பள்ளத்தாக்கில் சிற்றலை: எந்த வானொலி, எவ்வளவு கம்பி?

மலையகத்தில் சிற்றலை வானொலி வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "நாலு பக்கமும் மலை, இங்கே எடுக்குமா?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. பண்பலை நம் ஊர்களில் படுத்தும் பாடு எல்லோருக்கும் தெரிந்ததே. கோபுரம் எவ்வளவு உயரத்தில் நின்றாலும், இடையில் ஒரு முகடு வந்துவிட்டால் கீழே லயத்தில் வெறும் இரைச்சல்தான். ஹட்டனில் இருந்து பொகவந்தலாவைக்கு பஸ்ஸில் போகிறவர் ஒவ்வொரு வளைவிலும் இதைக் கேட்கலாம்.

ஆனால் சிற்றலை வரும் வழி வேறு. பண்பலை 100 மெகாஹேர்ட்ஸ் அளவில், கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறது. 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையான சிற்றலை மேலே ஏறி, வானத்தில் வளைந்து, தலைக்கு மேலிருந்து இறங்குகிறது. சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் உயரத்தில் உள்ள வாயு அணுக்களில் இருந்து இலத்திரன்களைப் பிரித்துவிடுகின்றன. அப்படிப் பிரிந்த இலத்திரன்கள் நிறைந்த பகுதிதான் அயனமண்டலம். அதில் சுமார் 250 முதல் 400 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கும் எஃப் அடுக்குதான் நமக்கு வேலை செய்து தருகிறது. மேலே போகப் போக இலத்திரன்கள் அடர்த்தியாவதால் அலை கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, கடைசியில் பூமியை நோக்கித் திரும்பிவிடுகிறது. அதிர்வெண் கூடக்கூட வளைப்பது கடினம். ஓர் எல்லைக்கு மேல் அலை அடுக்கைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்கே போய்விடும். பண்பலைக்கு நடப்பது அதுதான்.

அப்படியென்றால் மலை தடையே இல்லையா? அது அலை எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. அடுக்கின் உயரத்தை 300 கிலோமீற்றர் என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். 700 கிலோமீற்றர் தொலைவில் உள்ள நிலையம் ஒரே தாவலில் வந்தால் சுமார் 38 பாகைக் கோணத்தில் இறங்கும். 1,500 கிலோமீற்றர் என்றால் 18 பாகை. டில்லி அளவு தொலைவு, அதாவது ஏறக்குறைய 2,400 கிலோமீற்றர் என்றால் 8 பாகைதான். 3,000 கிலோமீற்றரில் 4 பாகைக்கு வந்துவிடும்.

உங்கள் வீட்டு மலை எத்தனை பாகை என்று இப்போதே அளக்கலாம். வாசலில் நின்று கையை முழுதாக நீட்டி, கட்டைவிரல் பக்கம் மேலே இருக்கும்படி விரல்களை முட்டியாக மடக்குங்கள். அந்த முட்டியின் உயரம் ஏறக்குறைய 10 பாகை. கண் மட்டத்தில் தொடங்கி ஒன்றன்மேல் ஒன்றாக முட்டிகளை அடுக்கி முகட்டைத் தொடுங்கள். ஒன்றரை முட்டி வந்தால் உங்கள் மலை 15 பாகை. தென்னிந்தியாவில் இருந்து இறங்கும் அலை அதைத் தாண்டி உள்ளே விழும். டில்லிப் பக்கம் அந்த மலை நின்றால், டில்லி அலை முகட்டில் இடிக்கும். அதற்காக முழுதாக அடைபடும் என்றில்லை. தொலைவில் உள்ள நிலையங்கள் கூடுதலாக ஒரு தாவல் எடுத்து உயர்ந்த கோணத்திலும் வருவதுண்டு, பலம் மட்டும் குறையும். எந்தத் திசையில் மலை தாழ்ந்திருக்கிறதோ அந்தத் திசை உங்களுக்கு நன்றாகக் கேட்கும். வடக்கே திறந்த சரிவில் இருப்பவருக்கும் தெற்கே திறந்த சரிவில் இருப்பவருக்கும் ஒரே வானொலி வெவ்வேறு நிலையங்களைத் தருவது இதனால்தான்.

பக்கத்து நிலையம் கேட்காமல் தூரத்து நிலையம் கேட்பதும் இதே கணக்கில் அடங்கும். செங்குத்தாக ஏறும் அலையை வளைப்பது கடினம், சாய்வாகப் போகும் அலையை வளைப்பது எளிது. ஆகவே 15 மெகாஹேர்ட்ஸில் 100 கிலோமீற்றர் தொலைவு நிலையம் நம் தலைக்கு மேலே தாவிப் போய்விடலாம், அதே நேரத்தில் ஜப்பான் தெளிவாகக் கேட்கலாம். ஏக்கலையில் இருந்து புறப்பட்ட இலங்கை வானொலியின் சிற்றலை அந்தக் காலத்தில் இந்தியா முழுக்கக் கேட்டதற்கும் இந்தச் சாய்வுதான் காரணம்.

நேரம் பார்த்துக் கேட்க வேண்டும். 60 முதல் 90 கிலோமீற்றர் உயரத்தில் டி அடுக்கு என்று ஒன்று பகலில் உருவாகி, குறைந்த அதிர்வெண்களை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அது கரைந்துபோகும். அதனால் பகலில் 13 முதல் 21 மெகாஹேர்ட்ஸ் வரை தேடுங்கள், இருட்டிய பிறகு 5 முதல் 10 வரை வாருங்கள். பகல் ஒரு மணிக்கு 6 மெகாஹேர்ட்ஸில் ஒன்றும் இல்லை என்று வானொலியைக் குறை சொல்வதில் பயனில்லை. நிலையங்களின் கால அட்டவணைகள் உலகப் பொது நேரத்தில் இருக்கும், அதோடு ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறில் அட்டவணை மாறும்.

நமக்கென்றே உள்ள குணம் ஒன்றும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963இல் தும்பாவில் ரொக்கெட் ஏவுதளம் அமைந்ததே அதற்காகத்தான். இந்தக் கோட்டை ஒட்டிய வானில் சூரியன் மறைந்த சில மணி நேரம் எஃப் அடுக்கு கலங்கிப்போகும். அப்போது குரல் படபடவென்று நடுங்கிக் கேட்கும். அது வானொலியின் பழுது அல்ல.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மலையகத்தில் சிற்றலைக்கு எதிரி மலை அல்ல, வீடுதான். தகரக் கூரை போட்ட லயன் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து இறங்கும் அலையைத் தகரம் மறித்துவிடுகிறது. உள்ளே இருப்பதோ எல்இடி பல்பு, கைபேசி சார்ஜர், தொலைக்காட்சிப் பெட்டி. இவை எல்லாம் மின்சாரத்தை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டிக் கொடுக்கும் சுற்றுகளில் இயங்குகின்றன. அந்த வெட்டு ஒவ்வொன்றும் சிற்றலை முழுவதும் சிதறும் இரைச்சலாகிறது. வரிசையாகச் சேர்ந்திருக்கும் லயத்தில் பக்கத்து வீட்டுச் சார்ஜரின் இரைச்சலும் ஒரே மின்கம்பி வழியாக உங்கள் அறைக்கு வரும்.

சோதித்துப் பாருங்கள். வானொலியைப் பற்றரியில் போட்டு, நிலையம் ஏதும் இல்லாத ஓர் அதிர்வெண்ணில் வையுங்கள். இரைச்சலை நன்றாகக் காதில் வாங்கிக்கொண்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால் குற்றவாளி வீட்டுக்குள்ளே இருக்கிறது. பிறகு ஒவ்வொரு சார்ஜராக, ஒவ்வொரு பல்பாகப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். மெயினை அணைத்தும் விழவில்லை என்றால், வானொலியைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓர் ஐம்பது அடி நடந்து பாருங்கள். புதிதாக வாங்கியதை விற்றுவிட நினைத்த பலரின் எண்ணம் அந்த இடத்தில் மாறிவிடும்.

ஏரியலைப் பற்றி இருக்கும் பெரிய தவறான எண்ணமும் இங்கேதான் உடைகிறது. கம்பி நீளமானால் நிலையம் பலமாகும் என்பது உண்மை. ஆனால் அதே கம்பி இரைச்சலையும் அதே அளவுக்குப் பலமாக்கும். சந்தைக் கூட்டத்தில் காதுக் கருவியின் சத்தத்தைக் கூட்டினால் பேச்சும் கூட்டமும் சேர்ந்தே பெரிதாகும், பேச்சு மட்டும் தெளிவாகாது. சிற்றலையில் வானொலியின் உள்ளிரைச்சலைவிட வெளியில் இருந்து வரும் இரைச்சல்தான் பெரும்பாலும் அதிகம். ஆகவே வெளி இரைச்சல் கேட்கும் அளவுக்கு ஏரியல் இருந்தால் போதும். வானொலியை நிலையம் இல்லாத அதிர்வெண்ணில் வைத்து ஏரியலை இணையுங்கள். இணைத்ததும் "உஸ்" என்ற சத்தம் தெளிவாகக் கூடினால், உங்கள் கம்பி போதுமானது. அதற்கு மேல் நீட்டுவதைவிட, கம்பியை இரைச்சலில் இருந்து தள்ளிக் கட்டுவதில் மெனக்கெடுங்கள்.

கையடக்க வானொலிக்கு 7 முதல் 10 மீற்றர் கம்பி தாராளம். வயரிங் கடையில் கிடைக்கும் உறை போட்ட செப்புக் கம்பி போதும். ஒரு முனையை நைலோன் கயிற்றில் கட்டி, வீட்டில் இருந்து தள்ளி நிற்கும் மரத்திலோ மூங்கில் கழையிலோ ஏற்றுங்கள். தகரத்தைத் தொட்டபடியோ அதன்மேல் படுத்தபடியோ போகக்கூடாது, ஒரு மீற்றராவது இடைவெளி வேண்டும். மின்கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ ஒருபோதும் போடாதீர்கள், அறுந்து விழுந்தால் உயிர் போகும். கம்பி மட்டும் தூரத்தில் இருந்து, அது வீட்டுக்குள் வரும் பகுதி வெறும் கம்பியாக இருந்தால், அந்தப் பகுதி வீட்டு இரைச்சலை அள்ளிக்கொண்டு வரும். தொலைக்காட்சிக்குப் போடுவதுபோன்ற உறைக் கேபிளில் அதை உள்ளே கொண்டுவந்து, கம்பியும் கேபிளும் சேரும் இடத்தில் இரண்டையும் பொருத்தும் ஒன்பதுக்கு ஒன்று மின்மாற்றி ஒன்றை வைத்து, கேபிளின் உலோகப் பின்னல் உறையை அங்கேயே மண்ணில் அடித்த இரும்புக் கம்பியில் இணைத்தால் வித்தியாசம் பெரியது. இதற்கு ஆகும் செலவு வானொலியின் விலையோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை.

முற்றமே இல்லாதவர்களுக்கு வளைய ஏரியல் இருக்கிறது. ஒரு மீற்றர் அல்லது அதற்கும் குறைந்த விட்டமுள்ள உலோக வளையம், அதன் அடியில் ஒரு சிறு பெருக்கி. எம்எல்ஏ-30 என்ற மலிவான வகை பரவலாகக் கிடைக்கிறது. வளையத்துக்கு இரண்டு பக்கம் காது உண்டு, இரண்டு பக்கம் செவிடு. இரைச்சல் வரும் திசைக்குச் செவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால் அது அமுங்கும். நிலையமோ மேலிருந்து சாய்ந்து வருவதால் அந்த அளவுக்கு அமுங்காது. சன்னல் ஓரத்திலோ வெளித் திண்ணையிலோ வைத்துத் திருப்பிப் பாருங்கள்.

வானொலிக்கு வருவோம். சிற்றலை 1, 2, 3 என்று ஏழெட்டுப் பட்டைகள் அச்சிட்ட மலிவான சின்னப் பெட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பல, வரும் அலையை ஒரே தடவையில் 455 கிலோஹேர்ட்ஸுக்கு இறக்குபவை. அந்த முறையில் உண்மையான இடத்தில் இருந்து 910 கிலோஹேர்ட்ஸ் தள்ளி அதே நிலையத்தின் பொய் உருவமும் கேட்கும். கடையில் வாங்கும்போதே பார்த்துக்கொள்ளலாம்: பலமான ஒரு நிலையத்தைப் பிடித்து, பிறகு 910 கிலோஹேர்ட்ஸ் கீழே போய்ப் பாருங்கள். அங்கேயும் அதே குரல் கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள். இரண்டு தடவை மாற்றும் வானொலிகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

அதிர்வெண்ணை எண்ணாக அடிக்கும் வசதி கட்டாயம் வேண்டும். சிற்றலையில் நிலையங்கள் 5 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கமாக நிற்பதால், அலைப்பட்டையைக் குறுக்கும் வடிகட்டி குறைந்தது இரண்டு அளவில் இருக்கட்டும். ஏரியல் துளை இல்லாத பெட்டியிலும் முதலைக் கவ்வியால் கம்பியை நீள் ஏரியலில் (பெட்டியோடு வரும், இழுத்து நீட்டும் ஏரியல்) மாட்டலாம், ஆனால் துளை இருப்பது நல்லது. டெக்சன் பீஎல்-330, பீஎல்-680, எக்ஸ்எச்டேட்டா டி-808 ஆகிய மூன்றிலும் இவை எல்லாம் உண்டு. அமெச்சூர் வானொலிக்காரர்களின் பேச்சைக் கேட்கத் தேவையான எஸ்எஸ்பி வசதியும் மூன்றிலும் இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தெற்கே தொலைபேசி செத்துக் கிடந்த நாட்களில் செய்தி கொண்டுவந்தவர்களில் அவர்களும் உண்டு. எஸ்எஸ்பி இல்லாமல் அவர்கள் குரல் வாத்துச் சத்தமாகத்தான் கேட்கும்.

இவற்றில் என் தேர்வு பீஎல்-680. ஒரு காரணம், ஒத்திசைவு உணரி என்ற வசதி. அயனமண்டலத்தில் பல வழியாக வரும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும்போது நிலையத்தின் சுமப்பலை, அதாவது குரலைச் சுமந்துவரும் அலை, சில நொடிகள் மங்கிவிடும், குரல் கரகரத்துக் கிழியும். இந்த உணரி தானே ஒரு சுமப்பலையை உண்டாக்கி அந்த இடத்தை நிரப்புகிறது. நம் மாலை நேரத்து நடுக்கத்துக்கு இது நன்றாக உதவும். இன்னொரு காரணம் பற்றரி. அது நான்கு ஏஏ பற்றரியில் ஓடுகிறது. மண்சரிவில் பாதை மூடி, கரண்ட் நாட்கணக்கில் இல்லாதபோது தோட்டத்துக் கடையில் கிடைப்பது அதுதான். பீஎல்-330 சட்டைப் பைக்குள் அடங்கும், ஆனால் அதன் லித்தியம் பற்றரியைச் சார்ஜ் செய்ய எங்கிருந்தாவது கரண்ட் வேண்டும். பழைய சோனி ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ7600ஜிஆர் நல்ல நிலையில் கைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம், அதிலும் ஒத்திசைவு உணரியும் நான்கு ஏஏயும் உண்டு.

இரவில் நீளக் கம்பி மாட்டியதும் நிலையங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இருக்கக்கூடாத இடங்களில் எல்லாம் கேட்டால், வானொலி தாங்கமுடியாமல் திணறுகிறது என்று பொருள். கம்பியைக் குறையுங்கள், அல்லது ஏரியல் சுவிட்ச் இருந்தால் அதை உள்ளூர் (LOCAL) நிலைக்குத் தள்ளுங்கள். உறை போட்ட கம்பியை நீள் ஏரியலில் தொடாமல் நாலு சுற்று சுற்றினாலும் போதும்.

கேட்பதற்குத் தமிழ்க் குரல்கள் குறைந்துவிட்டன என்பது வருத்தம்தான். பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றுபோனது. வானொலியும் கம்பியும் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, நான் முதலில் போவது 10 மெகாஹேர்ட்ஸுக்கு. சீனாவின் நேர நிலையம் அங்கே விநாடிக்கு ஒரு துடிப்பு அனுப்பிக்கொண்டிருக்கிறது. கம்பியை மாற்றும்போதெல்லாம் அந்தத் துடிப்பு இரைச்சலில் இருந்து எவ்வளவு மேலே எழுகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். நிலையம் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதைவிட இது நம்பகமான அளவு.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பு வேண்டாம். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் மலைகளில் பிற்பகல் இடி கடுமையாக இருக்கும். பகல் கறுக்கத் தொடங்கும் முன்பே கம்பியை வானொலியில் இருந்து கழற்றி, முனையை வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். இடி கேட்ட பிறகு கழற்றப் போகக்கூடாது. மழை விட்டபின் மறுபடி மாட்டும்போது, கம்பியின் முனையை மண்ணில் அடித்த இரும்பில் ஒரு தடவை தொட்டுவிட்டு மாட்டுங்கள். கம்பியில் தேங்கியிருக்கும் நிலைமின் வானொலியின் உள்வாயில் டிரான்சிஸ்டரைச் சுட்டுவிடும், அது போனால் தோட்டத்துப் பக்கம் திருத்த ஆள் கிடைப்பது கஷ்டம்.