மூக்குப் பிசுக்கும் நீலக்கல்லும்

"எங்கள் பிளாண்ட்டில் முப்பது வருஷம் இருந்தவர், தெரிந்ததையெல்லாம் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ரிட்டயர் ஆனார். மறுமாதமே மெஷின் மக்கர். ஏன்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பதில் மாஸ்கோவில் ஒரு நூலில் தொங்குகிறது.

கோயில் மணியைத் தட்டினால் வெகுநேரம் ரீங்கரிக்கும். தகர டப்பா உடனே அடங்கிவிடும். இந்த வித்தியாசத்தை அளக்கும் எண்தான் 'க்யூ'. விண்வெளியிலிருந்து வரும் ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் கருவிகளின் கண்ணாடிகளை க்யூ மிக அதிகமான பொருளில் செய்ய வேண்டும். நீலக்கல் படிகத்துக்கு அது 40 கோடி வரை போகும் என்றது மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் விளாதிமிர் பிரகின்ஸ்கியின் குழு. கட்டுரையைப் படித்தும் மேற்கு நாட்டவரால் சுமார் 20 ஆண்டுகள் அந்த எண்ணை எட்ட முடியவில்லை. ரஷ்யர்கள் அளப்பது சரிதானா என்றே சந்தேகம் எழுந்தது.

சூட்சுமம் நூலில் இருந்தது. படிகத்தை மெல்லிய பட்டு நூலில் தொங்கவிட்டு, வெற்றிடத்தில் அதிரவைத்து, அதிர்வு எவ்வளவு நேரத்தில் தேய்கிறது என்று பார்க்க வேண்டும். கல்லில் நூல் உரசும் இடத்தில் ஆற்றல் கசியும். அதனால் நூலுக்குக் கொஞ்சம் கொழுப்பு தடவ வேண்டும். அதிகமானால் அந்தக் கொழுப்பே அதிர்வைக் குடித்துவிடும். பன்றிக் கொழுப்பு தடவுவார்கள். அல்லது, எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, நூலை மூக்குத் தண்டிலோ காதின் பின்புறமோ ஒரு இழுப்பு இழுப்பார்கள்! அதிலும் ஆளுக்கு ஆள் தோலின் எண்ணெய்ப்பசை வேறு.

1998இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாஸ்கோ போய்க் கூடவே இருந்து பார்த்தார்கள். நூல் விஷயம் மட்டுமல்ல, எத்தனை முறை தோற்றாலும் அவிழ்த்து மறுபடி கட்டும் பொறுமையையும் கண்டார்கள். மறு ஆண்டு கிளாஸ்கோவிலும் அளவு கிடைத்தது. இதை 2001இல் ஆய்வுக்கட்டுரையாக்கியவர் சமூகவியலாளர் ஹாரி காலின்ஸ். எழுத்தில் முழுதாகச் சொல்ல முடியாத இவ்வகை அறிவைப் பற்றி வேதியியலாளரும் தத்துவவாதியுமான மைக்கேல் பொலானி முன்பே பேசியிருந்தார். நம் சமையலறையில் இதற்குப் பெயர் கைப்பக்குவம்.

ஆனால் நிதி சுருங்கினால் முதலில் வெட்டுவது பயணப்படியைத்தான். கருவி வாங்கப் பணம் உண்டு, ஒருவரை இன்னொருவர் பக்கத்தில் ஒரு வாரம் உட்காரவைக்கக் கிடையாது. எனக்கு இது புரிந்ததே இல்லை.

வாசகரே, முடிந்தால் அந்தப் பெரியவரை ஒரு மாதம் மெஷின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். நோட்டு இருக்கட்டும். மூக்குப் பிசுக்கைப் பற்றி நானும்தான் இங்கே எழுதிவிட்டேன். எவ்வளவு தடவ வேண்டும் என்று கேட்டால் விழிப்பேன்.