கலந்ததெல்லாம் மணிப்பிரவாளம் இல்லை

இந்த மாதத்தில் என்னிடம் திருத்தத்துக்கு வந்த மூன்றாவது கையெழுத்துப் பிரதி இது. முன்னுரையிலேயே, இன்றைய பிள்ளைகளின் தங்கிலீஷ் ஒரு நவீன மணிப்பிரவாளம் என்று இருந்தது. அடித்துவிட்டு ஓரத்தில் 'கலப்புத் தமிழ்' என்று எழுதி அனுப்பினேன். எழுதியவரிடமிருந்து உடனே போன். "ரெண்டு மொழி கலந்தாலே மணிப்பிரவாளம்தானே சார்?"

இல்லை சார். எந்த இரண்டு, எப்படி என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒன்று தமிழ், இல்லையென்றால் மலையாளம், மற்றது வடமொழி. அதிலும் 11ஆம் நூற்றாண்டுத் தமிழ் இலக்கண நூலான வீரசோழியம் பிரித்தே சொல்கிறது: இடையே வடவெழுத்து வந்தால் விரவியல், வடமொழிப் பதங்களே கலந்து வந்தால் மணிப்பிரவாளம். ஆகவே ஜ, ஷ தென்பட்ட பக்கத்துக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்டுவதும் தப்பு. 14ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் எழுந்த லீலாதிலகம் என்ற மணிப்பிரவாள இலக்கண நூல் இன்னும் கறார். வடசொல் தன் வடமொழி விகுதியோடே வர வேண்டும் என்கிறது. மணி என்றால் அதற்கு மாணிக்கம், பிரவாளம் பவளம். மாணிக்கமும் சிவப்பு, பவளமும் சிவப்பு. ஒரே சரத்தில் கோத்தால் கண்ணை உறுத்தாது. ஆழ்வார் பாசுரங்களுக்கு எழுந்த நம் வைணவ உரைகளும் மணிப்பிரவாளம்தான், ஆனால் அவற்றில் விகுதிக்கு இத்தனை கெடுபிடி கிடையாது.

எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டுவது, 'தமிழ் போதாமல் வடமொழியைக் கடன் வாங்கினார்கள்' என்ற பேச்சு. நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு உரையான ஈடு முப்பத்தாறாயிரப்படியைத் திறந்து பாருங்கள். நம்பிள்ளை சொல்லச் சொல்ல வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதிவைத்தது. பேச்சுத் தமிழின் வாடை அதில் அப்படி வீசும். தமிழ் தெரியாதவர்களா அவர்கள்? ஒரு கையில் ஆழ்வார் பாசுரம், மறு கையில் வடமொழி வேதாந்தம். இரண்டும் சொல்வது ஒன்றே என்று காட்ட வேண்டியிருந்தது. உபய வேதாந்தம், அதாவது இரட்டை வேதாந்தம் என்றே அதற்குப் பெயர். அதனால்தான் பாசுர விளக்கத்துக்கு நடுவே சேஷத்துவமும் (இறைவனுக்கே உரியவனாய் இருத்தல்) பாரதந்திரியமும் (அவனுக்கே வசப்பட்டிருத்தல்) வந்து உட்காருகின்றன.

சரி, எழுதுகிறவர்களுக்கு. ஆங்கிலம் கலந்ததா? கலப்புத் தமிழ் என்றால் போதும். ரோமன் எழுத்தில் தட்டிய தமிழா? அங்கே மாறியது எழுத்துதான். உவமையாகச் சொன்னேன் என்பீர்களானால், தயவுசெய்து ஒரு 'போல' சேர்த்துவிடுங்கள். நாலு புத்தகத்திலிருந்து எடுத்து ஒட்டியதை 'மணிப்பிரவாள ஆய்வு' என்று ஒருவர் கொண்டுவந்தார். அதன் பெயர் தொகுப்பு. எடுத்த இடத்தைச் சொல்லாவிட்டால் அதற்கு வேறு பெயர்.

அப்புறம், பிரவாளம் என்றால் பவளம். பிரவாகம் என்றால் வெள்ளம். இப்போது மேஜையில் இருக்கும் பிரதியில் இதுவரை 14 இடங்களில் 'மணிப்பிரவாகம்' ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் 3 அத்தியாயம் பாக்கி.