வீட்டு ஜக்கில் எத்தனை கரண்டி சீனி?

பங்குனி பிறந்தால் போதும், என் அறைக்கு வருகிறவர்களின் பேச்சு வெயிலில்தான் தொடங்கும். கொழும்பு வெயில் வெப்பமானியில் 32, 33 பாகையைத் தாண்டுவது குறைவு. ஆனால் கடல் ஈரம் ஏறிய காற்றில் வியர்வை காயாது. வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? வெள்ளவத்தையில் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் நின்றாலே சட்டை முதுகோடு ஒட்டிவிடும், கை தானாகக் குளிர்ந்த போத்தலைத் தேடும்.

நான் உணவியல் ஆலோசகர். சீனி வருத்தக்காரர்கள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். போன வருடம் இதே காலத்தில் ஐம்பது தாண்டிய ஓர் அம்மா வந்திருந்தார். மாத்திரையில் குறை வைப்பதில்லை, சோற்றைப் பாதியாக்கிவிட்டார், பலகாரத் தட்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனாலும் இரத்தத்தில் சீனி இறங்கவில்லை.

“சோடா குடிப்பீங்களா அம்மா?”

“ஐயோ, இல்லை மிஸ். கடைச் சாமான் ஒண்டும் வாங்கிறேல்லை. வீட்டில செய்யிற தேசிக்காய்த் தண்ணி மட்டும்தான். புதினா எல்லாம் போட்டு நல்லாச் செய்வன்.”

அடுத்த முறை வரும்போது அந்த ஜக்கையும் சீனி அள்ளும் கரண்டியையும் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார். ஒன்றரை லீற்றர் பிடிக்கும் பிளாஸ்டிக் ஜக். கரண்டி, தேக்கரண்டி அல்ல, கறி பரிமாறும் கரண்டி. என் மேசையில் சமையலறைத் தராசும் ஒரு டின் சீனியும் எப்போதும் இருக்கும். ஒரு கிண்ணத்தைத் தராசில் வைத்து, “வழக்கமாப் போடுற மாதிரியே போடுங்கோ” என்றேன். குவித்துக் குவித்து ஆறு கரண்டி போட்டார். கொஞ்சம் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஏழாவதையும் போட்டார். “இது அவருக்கு. அவர் இனிப்பாக் கேப்பார்.”

தராசு 168 கிராம் காட்டியது.

ஒன்றரை லீற்றரில் 168 கிராம் என்றால் 100 மில்லிலீற்றருக்கு 11.2 கிராம். 2016 ஓகஸ்டிலிருந்து நம் நாட்டுக் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் வண்ண வட்டம் இருக்கிறதல்லவா, அது தொடங்கியபோது 11 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு. அம்மாவின் ஜக்குக்கு யாரும் வட்டம் ஒட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு பெரிய கிளாஸில், அதாவது 250 மில்லிலீற்றரில், 28 கிராம் சீனி. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், சேர்க்கும் சீனி ஒரு நாள் உணவுச் சக்தியில் பத்து வீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்து வீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. அந்த ஐந்து வீதம், சராசரியாகச் சாப்பிடும் ஒருவருக்குச் சுமார் 25 கிராம். அம்மா ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ் குடித்துக்கொண்டிருந்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘வீட்டில் செய்தது’ என்ற சொல்லுக்கு நம்மிடம் அவ்வளவு மரியாதை. இதே மரியாதை கித்துள் பாணிக்கும் தேனுக்கும் பனங்கற்கண்டுக்கும் கிடைக்கிறது. “சீனி போடேல்லை மிஸ், பாணிதான் விட்டன்” என்பது நான் வாரத்துக்கு இரண்டு தரமாவது கேட்கும் வசனம். மணம் வேறு, ருசி வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடலைத் தாண்டி இரத்தத்துக்குப் போகும்போது எல்லாம் சீனிதான். பழத்தை அடித்து வடித்த சாறும் இந்தக் கணக்கில்தான் வரும். சக்கையோடு நார் வெளியே போய்விட, இனிப்பு மட்டும் கிளாஸில் நிற்கும்.

சரி, தேசிக்காய்த் தண்ணியை விட்டுவிடச் சொல்வதா? நானே விடமாட்டேன். ஏன் இவ்வளவு சீனி தேவைப்படுகிறது என்று பார்த்தால் வழி கிடைக்கிறது. முதற் காரணம், நாம் சாறை அளவுக்கு மீறிப் பிழிகிறோம். அந்தப் புளிப்பை அடக்க அத்தனை சீனி வேண்டியிருக்கிறது. அடுத்தது கசப்பு. மரப்பிடி அழுத்தியில் விதையும் வெள்ளைத் தோலும் நசுங்கும்வரை அமுக்கினால், சிறிது நேரத்தில் பானம் கசக்கத் தொடங்கும். அந்தக் கசப்பையும் சீனியால் மூடப் பார்க்கிறோம். குளிரும் ஒரு காரணம். நாக்குக் குளிர்ந்திருக்கும்போது இனிப்புத் தெரியாது. ஐஸ் போட்ட பிறகு ருசி பார்த்தால் கை மறுபடி சீனி டின்னுக்குத்தான் போகும். ஆகவே ஐஸ் போடுமுன் ருசி பாருங்கள்.

நான் வீட்டில் செய்வது இப்படி. மூன்று நடுத்தரத் தேசிக்காயைக் கழுவி, பச்சைத் தோலை மட்டும் மெல்லியதாகச் சீவிக்கொள்வேன், வெள்ளை படக்கூடாது. மட்டமாக வழித்த இரண்டு மேசைக்கரண்டி சீனி, சுமார் 25 கிராம் வரும். அதில் இந்தத் தோலைப் போட்டு விரல் நுனியால் இரண்டு நிமிடம் பிசறினால் சீனி ஈரமாகி இளம்பச்சையாக மாறும், அறை முழுக்க மணக்கும். தேசிக்காயின் மணம் சாற்றில் இருப்பதை விடத் தோலின் எண்ணெயில்தான் அதிகம். மணம் ஏறிய சீனி நாக்கை ஏமாற்றும், குறைவாகப் போட்டாலும் நிறைவாகத் தெரியும். அரை மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுத் தோலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கசப்பு இறங்கும்.

அப்புறம் அன்னாசி. நன்றாகப் பழுத்தது, 200 கிராம் அளவு. பாதியைப் பொடியாக வெட்டி, மீதியைக் கரண்டியால் நசுக்கி, வடிக்காமல் ஜக்கில் போடுவேன். பெருவிரல் அளவு இஞ்சியைத் தட்டிப் போட வேண்டும். ஒரு பிடி புதினாவை உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் தட்டினால் போதும், மணம் எழும். மிக்சியில் போட்டு அரைத்தால் நிறம் கறுத்துப் புல் வாடை வரும். ஒரு சிட்டிகை உப்பு கசப்பை அமுக்கி இனிப்பை முன்னுக்குக் கொண்டுவரும். தேசிக்காய்ச் சாறு 60 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம். பிறகு கொதித்தாறிய நீரை விட்டு ஒன்றரை லீற்றராக்கி, ஒரு மணி நேரம் பிரிட்ஜில் வைக்க வேண்டும். அன்னாசியின் இனிப்பு முழுக்க இறங்கினாலும் 100 மில்லிலீற்றருக்கு 3 கிராம் அளவில் நிற்கும். பெரிய கிளாஸுக்கு ஏழரை கிராம்.

அன்னாசி இல்லாத நாளில் வத்தகப்பழம் நல்லது, அதற்குச் சீனியை ஒரு கரண்டியாக்கலாம். கொடித்தோடை தன்னளவிலேயே புளிப்பானது, அதைப் போட்டால் தேசிக்காய் ஒன்று போதும். பங்குனி, சித்திரையில் தேசிக்காய் விலை ஏறும்போது எனக்குக் கொடித்தோடைதான் கைகொடுக்கும். புதினாவுக்குப் பதில் துளசி போடலாம், நாலைந்து இலைக்கு மேல் போட்டால் மருந்துத் தண்ணி ஆகிவிடும். லெமன் கிராஸ் என்றால் தண்டை நசுக்கி அந்தத் தண்ணீரிலேயே கொதிக்க விட்டு ஆற வைக்கலாம். நோன்பு மாதத்தில் என் பக்கத்து வீட்டு ராத்தா கசகசா ஊறவைத்துச் சேர்ப்பார், பார்க்கவே குளிர்ச்சியாக இருக்கும். (நாம் இங்கே பலூடாவில் போடும் கசகசா, திருநீற்றுப்பச்சிலை இனத்தின் விதை.) ஒரு தேக்கரண்டி விதையை ஒரு கப் தண்ணீரில் கால்மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும். ஊறாத விதை தொண்டையில் வீங்கும், சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து.

இனி ஒரு சொந்தக் கதை. எங்கள் ஒழுங்கையில் ஒரு வருடம் ஆடிவேலுக்குத் தாகசாந்தி வைத்தோம். காலை பத்து மணி வெயிலில், கூரையில்லாத பந்தலில், இருநூறு தேசிக்காயாவது பிழிந்திருப்பேன். கையைத் துடைத்தேனே தவிரச் சோப் போட்டுக் கழுவவில்லை. இரண்டு நாளில் வலது மணிக்கட்டில் சூடு பட்டது போலச் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளம். பிறகு அது சாறு வழிந்த பாதையிலேயே கோடு கோடாகக் கபில நிறமானது. எங்கோ சுட்டுக்கொண்டேன் என்றே நினைத்தேன். தோல் வைத்தியர் பார்த்ததும் கேட்ட முதற் கேள்வி, “தேசிக்காய் பிழிஞ்சீங்களா?”

தேசிக்காயில், குறிப்பாகத் தோலில், சில வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவை தோலில் பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் தோல் வெந்துபோகும். அலர்ஜி இல்லை, யாருக்கும் வரலாம். என் கோடுகள் மங்க நாலு மாதம் ஆனது. படித்த பெண்ணுக்கே இது தெரியவில்லை என்பதால்தான் சொல்கிறேன்: பந்தலிலோ தானசாலையிலோ பிழிகிறவர்கள் நிழலில் இருந்து பிழியுங்கள், முடிந்தவுடன் சோப் போட்டு முழங்கைவரை கழுவுங்கள். வெயிலில் விளையாடும் பிள்ளையின் வாயைச் சுற்றி வழிந்ததையும் கழுவிவிடுங்கள்.

பல்லைப் பற்றியும் கேட்கிறார்கள். தேசிக்காய்ச் சாறு கடும் அமிலம், தண்ணீர் கலந்தாலும் புளிப்புப் போய்விடாது. ஒரே மூச்சில் ஒரு கிளாஸ் குடிப்பதில் பெரிய பாதகமில்லை. அலுவலக மேசையில் போத்தலை வைத்துக்கொண்டு காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை மிடறு மிடறாகக் குடிக்கும் புதுப் பழக்கம்தான் பல்லின் மேற்பூச்சைக் கரைக்கிறது. சாப்பாட்டோடு குடித்துவிட்டு வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். உடனே பல் தீட்ட வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். சாப்பாட்டோடு குடிப்பதில் இன்னொரு இலாபமும் உண்டு: கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விற்றமின் சி உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் பிளேன்டீ அதைத் தடுக்கும்.

ஐஸ் விஷயத்தில் நான் கண்டிப்பு. வீட்டில் கொதித்தாறிய நீரில் செய்த கட்டி என்றால் சரி. வெளியே வாங்கும் பெரிய பாளம் எந்தத் தண்ணீரில் உறைந்தது, எந்தச் சாக்கில் வந்தது, மீனுக்கு வந்ததா மனிதருக்கு வந்ததா என்று நமக்குத் தெரியாது. குளிரில் கிருமி சாவதில்லை, தூங்கும், அவ்வளவுதான். புதினாவை ஓடும் தண்ணீரில் இலை இலையாகக் கழுவ வேண்டும். கலந்த பானத்தை மறுநாளைக்கு மேல் வைக்காதீர்கள். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம்.

சிறுநீர்க்கல் வந்தவர்களுக்குத் தேசிக்காயில் உள்ள சித்திரேற்று உதவும் என்பது உண்மைதான். ஆனால் என்னிடம் வரும் ஓட்டோ ஓட்டுநர்களுக்கும் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கும் பிரச்சினை வேறு. கழிப்பறை கிடைக்காது என்று பகல் முழுக்கத் தண்ணீரே குடிப்பதில்லை. அவர்களிடம் புதினா, அன்னாசி என்று பேசப்போனால் சிரிப்பார்கள். முதலில் பக்கத்தில் எங்கே கழிப்பறை இருக்கிறது என்பதைத்தான் பேசுவோம். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் டொக்டர் சொன்ன தண்ணீர் அளவுக்குள் இதையும் கணக்கு வைக்க வேண்டும். வயிற்றோட்டத்தில் கிடக்கும் பிள்ளைக்கு இது மருந்தல்ல, இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனிக் கரைசல்தான் கொடுக்க வேண்டும். சீனி சட்டென்று இறங்கி உடல் நடுங்குகிறவருக்கு மட்டும், இவ்வளவும் சொன்ன நானே, மூன்று தேக்கரண்டி சீனி போட்ட தேசிக்காய்த் தண்ணியைக் கொடுப்பேன்.

அந்த அம்மா இரண்டு மாதம் கழித்து வந்தார். ஏழு கரண்டியிலிருந்து ஒரேயடியாக இறங்கவில்லை. வாரம் ஒரு கரண்டியாகக் குறைத்திருந்தார், அது என் யோசனை அல்ல, அவருடையது. இரத்தப் பரிசோதனைத் துண்டைக் காட்டுமுன் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். குடித்துப் பார்த்தேன். இஞ்சி தூக்கலாக இருந்தது, உப்பும் கொஞ்சம் கூட. சொன்னேன்.

“உப்பு அவர் போட்டது மிஸ்” என்றார். “இப்ப அவர்தான் பிழியிறார்.”