சென்னைக்கு ஒன்றரை மணி நேரம் என்று சொல்லாதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்குக் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து ஒரு தம்பி அழைத்தார். "அண்ணா, கவுண்டரை மூடிவிட்டார்கள். விமானம் இன்னும் நிற்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்." எட்டரை மணிச் சென்னை விமானம். பக்கத்தில் அவருடைய அம்மா அழுவது கேட்டது. அன்று மாலை சென்னையில் இதய மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தார்கள். திருகோணமலையில் டிக்கெட் போட்டுக்கொடுக்கும் நான் சொல்லி அந்தக் கவுண்டர் திறக்காது. இந்த ஆண்டில் இது ஐந்தாவது குடும்பம்.

அவர்கள் தூங்கிக் கிடக்கவில்லை. இரவு ஒன்றரைக்கே திருகோணமலையில் வான் வண்டியில் ஏறியிருக்கிறார்கள். ஹபரணைக்கு இந்தப் பக்கம் வீதியில் யானை. குருநாகலில் காலை நெரிசல். அவ்வளவுதான், எல்லாம் போயிற்று.

"சென்னை ஒன்றரை மணி நேரம்தானே!" இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கைப்பேசி காட்டும் அந்த நேரம் கட்டுநாயக்கவில் விமானம் நகர்வதிலிருந்து சென்னையில் நிற்பது வரைக்கும்தான். அந்த வான்வழித் தூரம் சுமார் 650 கிலோமீட்டர். திருகோணமலையிலிருந்தே நேர்கோடு போட்டால் சென்னை ஏறத்தாழ 500 கிலோமீட்டர்தான், இன்னும் பக்கம். ஆனால் எங்கள் ஊர் விமானத்தளமான சீனக்குடாவிலிருந்து அங்கே பயணிகள் விமானம் இல்லையே! கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று சுமார் 240 கிலோமீட்டர் தெற்கே போய்த்தான் வடக்கே பறக்க வேண்டும். வீதியில் ஆறு மணி நேரம், விமான நிலையத்தில் மூன்று, பறப்பதற்கு ஒன்றரை, சென்னையில் குடிவரவு வரிசைக்கும் பெட்டிக்கும் ஒன்று. வாடகைக் காரைச் சேர்க்காமலே பன்னிரண்டு மணி நேரத்தைத் தொட்டுவிடுகிறது.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் வழியாகப் போகலாமா என்று கேட்கிறார்கள். போகலாம். 2019 அக்டோபரில் சர்வதேச நிலையமான அங்கிருந்து சென்னை சுமார் 355 கிலோமீட்டர்தான். தூரம் பாதியாகிவிட்டதே என்று நேரத்தையும் பாதியாக்காதீர்கள். அங்கே வருவது விசிறி வைத்த சிறிய ஏடிஆர் விமானம். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். பெட்டியின் எடையையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வவுனியா வழியாகப் பலாலிக்குப் போகும் வீதியும் குறுகியதன்று.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கவுண்டர் பெரும்பாலும் விமானம் கிளம்ப ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடும். மூன்று மணி நேரத்துக்கு முன் வாசலில் நில்லுங்கள். "நாலரை மணியில் கொண்டுபோய் விடுகிறேன்" என்று சொல்லும் வான்காரரை நம்பாதீர்கள். அவரும் இரவு முழுக்கக் கண்விழித்து ஓட்டுபவர்தான். காலை விமானம் என்றால் முதல் நாளே போய் கட்டுநாயக்கவுக்குப் பக்கத்திலுள்ள நீர்கொழும்பில் தங்குங்கள். டிக்கெட்டில் 12ஆம் திகதி 00.40 என்று இருந்தால் 11ஆம் திகதி இரவே அங்கே இருக்க வேண்டும். இதை நான் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தும் தவறவிட்டவர்கள் உண்டு.

நோயாளியை அழைத்துப் போகிறவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்: இறங்கும் நாளில் மருத்துவரிடம் நேரம் வாங்காதீர்கள்.

நேற்று அந்த அம்மா மகனோடு கடைக்கு வந்தார். எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு, "இந்த முறை எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், தம்பி?" என்று கேட்டார்.

"முதல் நாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், அம்மா" என்றேன். மகன் அதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.