கப்பல் எண் தெரிகிறது, தாத்தா எதனால் போனார் என்று தெரியவில்லை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் கப்பல் பேச்சு வந்துவிடும். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் முதல் 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு எண்ணோடு பதிவேடு இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பில் இருந்த அடையாளக் குறி வரை எழுதியிருக்கிறார்கள். டர்பன் பகுதியின் சாட்ஸ்வொர்த்திலும் டோங்காட்டிலும் அந்த எண்ணைத் தேடிப் பிடித்து, ஆற்காடு, சேலம் என்று ஊரையும் கண்டுபிடித்து வைத்திருப்பவர்களைப் பார்க்கிறேன். நல்ல காரியம். ஆனால் அதே வீட்டில் "உங்கள் அத்தை எதனால் இறந்தார், அப்போது என்ன வயது?" என்று கேட்டால் பதில் தடுமாறும். "வயிற்றில் ஏதோ." "லேடீஸ் பிரச்சினை." "அந்த வியாதி."

என் வேலைக்கு இந்த இரண்டாவது கேள்விதான் வேண்டும். நான் மருத்துவர் இல்லை. செல்லுக்குள் டி.என்.ஏ. எப்படிச் சேதமாகிறது, எப்படிப் பழுது பார்க்கப்படுகிறது, அந்தப் பழுதை நோய் வருவதற்கு முன்பே ரத்தத்திலோ திசுவிலோ அளந்துவிட முடியுமா என்று பார்க்கும் மூலக்கூறு உயிரியல் ஆய்வாளர்.

சேதம் என்றதும் கதிர்வீச்சு, புகை, பூச்சிமருந்து என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவையெல்லாம் உண்டு. ஆனால் ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தாலும் டி.என்.ஏ. கெடும். உடம்பின் வெப்பமும் தண்ணீருமே போதும். ஒரே ஒரு செல்லில், ஒரே நாளில், டி.என்.ஏ.வின் குறியீட்டை ஆக்கும் வேதி எழுத்துகளில் சுமார் 10,000 வரை தானாகவே கழன்று விழக்கூடும் என்று தோமாஸ் லிண்டால் என்ற ஆய்வாளர் கணக்கிட்டார். இத்தனைக்கும் நாம் உயிரோடு இருக்கிறோம் என்றால் உள்ளே பழுதுபார்க்கும் புரதங்கள் ஓயாமல் வேலை செய்கின்றன என்று அர்த்தம். இதைக் கண்டறிந்ததற்காக அவருக்கும், பால் மோட்ரிச், அஜீஸ் சன்சார் ஆகியோருக்கும் 2015-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நான் ஆய்வுக்குள் வந்தது ஆக்சிஜனால் ஏற்படும் சேதத்தின் வழியாக. டி.என்.ஏ.வின் ஜி என்ற எழுத்து ஆக்சிஜன் ஏறி 8-ஆக்சோகுவானின் ஆகிவிடும். சர்க்கரை நோய், புகைபிடித்தல், முதுமை என எதைத் தொட்டாலும் இந்தப் பெயர் வரும். அதை அளந்தால் நோயை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று ஒரு காலத்தில் துறையே நம்பியது. அப்புறம் ஐரோப்பிய ஆய்வகங்கள் எஸ்காட் என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்து, ஒரே சாம்பிளைப் பல இடங்களுக்கு அனுப்பி அளக்கச் சொன்னார்கள். வந்த எண்கள் ஒன்றுக்கொன்று பல மடங்கு, சிலவற்றில் நூறு மடங்குக்கும் மேல், வேறுபட்டன. காரணம் நோயாளியிடம் இல்லை, ஆய்வக மேசையில் இருந்தது. டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும்போது காற்றுப் பட்டு, அந்தச் சேதத்தில் பெரும்பகுதியை ஆய்வாளர்களே உண்டாக்கியிருக்கிறார்கள்!

துறைக்கு வெளியே இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் "உங்கள் ஆக்சிஜன் சேதத்தை அளந்து தருகிறோம்" என்று மாத்திரையோடு சேர்த்து விற்பவர்கள் இன்னும் பிழைக்கிறார்கள். இங்கே எங்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி இருந்தது, லோட்ஷெட்டிங் என்ற முறைவைத்த மின்வெட்டு. மைனஸ் 80 டிகிரியில் இருக்க வேண்டிய ரத்த சாம்பிள், ஜெனரேட்டர் தடுமாறிய ஒரு இரவில் பாதி உருகி மறுபடி உறைந்திருந்தால், அதில் வரும் எண் நோயாளியைப் பற்றியதா, மின்வெட்டைப் பற்றியதா? ஒரு பயோமார்க்கரை, அதாவது உடம்பின் நிலையைக் காட்டும் அளவீட்டை, பார்த்தால் நான் முதலில் கேட்பது, இதை எப்படி எடுத்தீர்கள், எங்கே வைத்திருந்தீர்கள் என்றுதான்.

நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த பயோமார்க்கர் ஒன்று உண்டு. சுகர் உள்ளவர்கள் பார்க்கும் எச்பிஏ1சி. ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை அளப்பது அது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரையை அது சொல்லிவிடும். அருமையான அளவீடு. அதையே இரும்புச்சத்துக் குறைவு ஏற்றிக் காட்டும், சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய்கள் இறக்கிக் காட்டும். இவ்வளவு பழகிய எண்ணுக்கே இந்த நிலை.

புற்றுநோய்க் குறியீடுகளில் குழப்பம் இதைவிட அதிகம். கோயிலில் காவடி முடிந்து அன்னதான வரிசையில் நிற்கும்போது ஒரு ஆண்ட்டி போனைத் திறந்து ரிப்போர்ட்டைக் காட்டினார். "பாருமா, ஃபுல் கேன்சர் செக் பண்ணிட்டேன், எல்லாம் நார்மல்." சிஇஏ, சிஏ-125 என்று ரத்தத்தில் பார்க்கும் புரதங்களின் ஒரு பட்டியல். அவருடைய அண்ணன் நாற்பத்து சொச்ச வயதில் குடல் புற்றுநோயில் போனவர், அதனால் பயந்து செய்திருக்கிறார். பயம் நியாயமானது, ஆனால் செய்த சோதனை வேறு. குடல் புற்றுநோய் ஆரம்ப நிலையில் இருக்கும் பலருக்கு சிஇஏ சாதாரணமாகவே இருக்கும். புகைபிடிப்பவருக்கும் ஈரல் கோளாறு உள்ளவருக்கும் புற்று இல்லாமலே ஏறும். சிஏ-125 மாதவிடாய் நாட்களில்கூட ஏறக்கூடியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க சிஇஏ உதவும். நலமாக இருப்பவருக்கு "உனக்கு ஒன்றுமில்லை" என்று சான்றிதழ் கொடுக்க அதனால் முடியாது. இதை ஒரு பேக்கேஜாக விற்பதை நான் ஏமாற்று என்றே சொல்வேன்.

அந்த ஆண்ட்டியிடம் நான் கேட்டது வேறு. அண்ணனைத் தவிர வேறு யாருக்காவது? கொஞ்சம் யோசித்து, அம்மாவுக்குக் கருப்பையில் கட்டி வந்து போனார் என்றார். "அது வேற, இது வேற தானேம்மா?"

வேறு இல்லாமலும் இருக்கலாம். இங்கேதான் பால் மோட்ரிச்சின் வேலை வருகிறது. செல் பிரியும்போது டி.என்.ஏ. நகலெடுக்கப்படுகிறது. அச்சுப்பிழை திருத்துபவர் போல, நகலெடுத்த பின் தப்பாக ஜோடி சேர்ந்த எழுத்துகளைத் தேடித் திருத்தும் புரதங்கள் உள்ளன. எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 ஆகிய நான்கும் முக்கியமானவை. இவற்றில் ஒன்றின் மரபணு பிறவியிலேயே கெட்டிருந்தால் அதற்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர். குடலிலும் கருப்பையிலும் இளவயதிலேயே புற்று வரும் ஆபத்து பல மடங்கு கூடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா வழியிலும் வரும். பெண்களுக்கு வரும் புற்று அம்மா வழியில் மட்டுமே வரும் என்பது தப்பு.

இந்த நோயை முதலில் கண்டுகொண்டவர் ஒரு தையல்காரப் பெண். 1895-இல் அமெரிக்காவின் மிச்சிகனில், ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோயியல் பேராசிரியரிடம், என் குடும்பத்தில் பலரும் குடலிலோ வயிற்றிலோ கருப்பையிலோ புற்று வந்துதான் போகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று அவர் சொன்னார். வார்த்தின் அந்தக் குடும்பத்தை ஆராய்ந்து 1913-இல் எழுதினார். அந்தப் பெண் சொன்னபடியே கருப்பைப் புற்றில் இறந்தார். மரபணு கிடைத்தது 1990-களில்தான்.

தென்னாப்பிரிக்காவிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. நார்தர்ன் கேப் மாகாணத்தில் கலப்பு வம்சாவளிக் குடும்பங்கள் பலவற்றில் எம்எல்எச்1 மரபணுவின் ஒரே பிழை தலைமுறைகளாக வந்துகொண்டிருந்தது. கேப்டவுன் பல்கலைக்கழகக் குழுவினர் வம்சாவளியை வரைந்து, யாருக்குப் பிழை உண்டு என்று கண்டறிந்து, மருத்துவர்களே அந்தத் தொலைதூர ஊர்களுக்குப் போய், குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்தார்கள். ஒழுங்காகப் பரிசோதனைக்கு வந்தவர்களிடையே புற்றும் சாவும் குறைந்தன. குடலில் சிறு வளர்ச்சி இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் புற்றாக மாற இடமே இல்லை. நம்மவர்களிடம் இருப்பது அதே பிழையாக இருக்க வேண்டும் என்றில்லை. வேலை செய்யும் முறை ஒன்றுதான்.

அப்படியானால் எல்லோரும் மரபணு சோதனைக்கு ஓட வேண்டுமா? வேண்டாம். ஒரே பக்கத்து உறவில் மூன்று பேருக்கு, இரண்டு தலைமுறையில், ஒருவருக்காவது ஐம்பது வயதுக்குள் குடல், கருப்பை போன்ற இடங்களில் புற்று என்றால் கட்டாயம் மரபியல் ஆலோசனைக்குப் போங்கள். இது பழைய, கடுமையான கணக்கு. ஐம்பதுக்குள் ஒருவருக்குக் குடல் புற்று வந்திருந்தாலே டாக்டரிடம் வாய்திறந்து சொல்லலாம்.

சோதனையை நலமாக இருப்பவரிடம் தொடங்கக்கூடாது என்பதைப் பலர் அறியவில்லை. முதலில் நோய் வந்தவரைப் பார்க்க வேண்டும். அவருடைய கட்டியில் அந்த நான்கு புரதங்களும் இருக்கின்றனவா என்று சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். ஒன்று காணவில்லை என்றாலும் உடனே பரம்பரை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குடல் புற்றுகளில் சுமார் 15 சதவீதத்தில் இந்தப் பழுது இருக்கிறது, பரம்பரையாக வந்தது சுமார் 3 சதவீதம்தான். மற்றதெல்லாம் பெரும்பாலும் வயதான காலத்தில் எம்எல்எச்1 மரபணு தானாக அணைந்து போவது. அதைப் பிரித்தறிய இன்னொரு சோதனை இருக்கிறது. இந்தச் சாயச் சோதனை சிகிச்சைக்கும் பயன்படும். இந்தப் பழுது உள்ள முற்றிய கட்டிகளுக்கு, உடம்பில் எங்கே வந்தது என்று பாராமல் நோயெதிர்ப்பு மருந்து கொடுக்கலாம் என்று அமெரிக்கா 2017-இல் அனுமதித்தது. மெடிக்கல் எய்ட் என்ற இங்குள்ள மருத்துவக் காப்பீட்டில் அந்த மருந்துக்குப் பணம் வாங்குவது தனிப் போராட்டம், அதை இங்கே இழுக்கவில்லை.

ஆஸ்பிரின் பற்றியும் கேட்பீர்கள். லிஞ்ச் உள்ளவர்களுக்குத் தினம் 600 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த ஆய்வில், ஆண்டுகள் கழித்துக் குடல் புற்று குறைந்தது உண்மை. அது லிஞ்ச் உறுதியானவர்களுக்கு, மருத்துவர் மேற்பார்வையில். தேநீரோடு நாமே போட்டுக்கொள்ளும் மாத்திரை இல்லை, குடலில் ரத்தம் கசியும்.

நோய் வந்தவர் இறந்துவிட்டார் என்றாலும் வழி அடைந்துவிடவில்லை. அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியை நோயியல் ஆய்வகங்கள் மெழுகில் பதித்துப் பல ஆண்டுகள் வைத்திருக்கும். அந்த ஆண்ட்டியின் அண்ணனுக்கு அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையின் பெயரும் ஆண்டும் அவருடைய மகளுக்கு நினைவிருக்கிறது. நோயியல் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு மாதிரி எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் மெழுகுக் கட்டையைத் தேடுவார்கள்.